குடலில் தேடும் குற்றவாளி

"குடலைச் சுத்தம் செய்யுங்கள், பிள்ளை தானே பேசத் தொடங்கிவிடும்." ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்களின் காதில் இன்று ஓதப்படும் புதிய மந்திரம் இது. ஓதுவோர் பல தரத்தினர். செய்தித்தாளில் பாதியைப் படித்து மீதியை ஊகித்துக்கொண்ட உறவினர் ஒருபுறம். 'நல்ல பாக்டீரியா' என்று புட்டியில் அடைத்து மாதக் கணக்கில் விற்கும் வணிகர் மறுபுறம். கோதுமையையும் பாலையும் நிறுத்தினால் ஆறே மாதத்தில் மாற்றம் தெரியும் என்று அடித்துப் பேசும் ஆலோசகர் இன்னொருபுறம். இம்மந்திரத்தை மறுக்கவே நாம் எழுத முன்வந்தோம். குடல்வாழ் நுண்ணுயிர்களைப் பற்றிப் பொறுமையோடு ஆராயும் அறிவியலாரோடு நமக்கு வழக்கில்லை. ஆய்வு முடியுமுன்பே தீர்ப்பை எழுதி, அத்தீர்ப்பை விலைக்கு விற்போரோடுதான் நம் வழக்கு.

நாம் மருத்துவர் அல்லோம். ஆயினும் குருமடத்தில் இறையியலுக்குள் நுழையுமுன் மெய்யியலும் அளவையியலும் கற்பிக்கப்படுகின்றன. ஒன்றோடு மற்றொன்று சேர்ந்து காணப்படுவது வேறு, ஒன்றால் மற்றொன்று விளைவது வேறு என்பது அங்கே கற்கும் முதற்பாடங்களுள் ஒன்று. நம் முன்னோர் இதனைக் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகச் சொல்லி வைத்தார்கள். இப்பாடத்தை மறந்தால் ஏமாறுவது அறிவு மட்டுமன்று. தாயின் தாலிக்கொடியும் தந்தையின் சேமிப்பும் அதனோடு போகின்றன. இல்லாத குற்றத்திற்காக அவர்கள் இரவெல்லாம் அழுகிறார்கள். பங்குப் பணியில் இருப்போர் இதைக் கண்டும் காணாதவராக இருத்தல் தகாது.

குடலில் உள்ள உண்மை

எதிர்த் தரப்பின் கூற்றில் உண்மை எவ்வளவு என்று முதலில் அளந்துகொள்வோம். 2016இல் வெளிவந்த ஒரு மதிப்பீட்டின்படி, 70 கிலோ எடையுள்ள மனிதரின் உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவருடைய சொந்த உயிரணுக்களோ ஏறத்தாழ 30 இலட்சம் கோடி. இந்த நுண்ணுயிர்களில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் குடியிருப்பவை. நாம் செரிக்க இயலாத நார்ப்பொருளை அவை செரிக்கின்றன. சில வைட்டமின்களை ஆக்குகின்றன. நோய் எதிர்ப்பு ஆற்றலைப் பழக்குகின்றன. குடலையும் மூளையையும் வேகஸ் என்னும் நரம்பு இணைக்கிறது. உடலில் உள்ள செரட்டோனின் என்னும் வேதிப்பொருளில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு குடலிலேயே உருவாகிறது. இவையெல்லாம் மெய்.

ஆனால் இதே செரட்டோனினைச் சான்றாகக் காட்டி மருந்து விற்போர், அடுத்த வரியைச் சொல்வதில்லை. குடலில் உருவாகும் செரட்டோனின், குருதிக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைக் கடந்து மூளைக்குள் நுழைவதில்லை. பாதி உண்மை முழுப் பொய்யைவிட நன்றாக விற்கும் என்பதற்கு இதனைவிட வேறென்ன சான்று வேண்டும்?

மெய்யான இன்னொன்றும் உண்டு. மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி முதலிய துன்பங்கள் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் மற்றப் பிள்ளைகளைவிடப் பன்மடங்கு மிகுதியாகக் காணப்படுகின்றன. 2014இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் ஏறத்தாழ நான்கு மடங்கு என்று கணக்கிட்டார்கள். பேச இயலாத பிள்ளை தன் வயிற்றுவலியை எப்படிச் சொல்லும்? தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும், கையைக் கடித்துக்கொள்ளும், இரவில் உறங்காது. அதனைக் கண்டு, "ஆட்டிசம் என்றால் அப்படித்தான்" என்று கைகழுவிவிடும் மருத்துவரும் உண்டு. இவர்களுடைய அலட்சியமே பெற்றோரைப் புட்டி வணிகரின் வாசலுக்குத் துரத்துகிறது என்பதை மறைப்பதற்கில்லை. வலி வலியே, அதற்கு மருத்துவம் வேண்டும். ஆனால் வயிற்றுவலியைத் தீர்ப்பது ஒன்று. ஆட்டிசத்தை வயிற்றிலிருந்து வேரறுப்பதாகச் சொல்வது முற்றிலும் வேறொன்று.

பழிசுமத்தலின் வரலாறு

1943இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கன்னர் என்னும் மருத்துவர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே ஆட்டிசம் பற்றிய இன்றைய மருத்துவ வரையறைக்கு அடிப்படை. பிறவியிலேயே அமைந்த ஒரு தன்மை என்று அவர் அதில் குறித்தார். கூடவே, பெற்றோர் பலர் பாசத்தில் குளிர்ந்தவர்களாக இருக்கக் கண்டதாகவும் எழுதினார். முதற்குறிப்பை உலகம் விட்டுவிட்டு, இரண்டாம் குறிப்பைப் பிடித்துக்கொண்டது. தாயின் அன்பின்மையே பிள்ளையை மௌனத்துள் தள்ளியது என்று 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் ஒரு பெருநூலே எழுதினார். ஒரு தலைமுறைத் தாய்மார்கள் மருத்துவமனைகளில் குற்றவாளிகளாக நின்றார்கள்.

அக்குற்றச்சாட்டைத் தகர்த்தவர் பெர்னார்டு ரிம்லாண்டு. உளவியலாளர், ஆட்டிசம் உள்ள மகனின் தந்தை. இது மூளையும் உடலும் சார்ந்தது, வளர்ப்பின் குறையன்று என்று 1964இலேயே அவர் நூல் எழுதி நிறுவினார். 1969இல் கன்னரும் பெற்றோர் கூட்டமொன்றில் பெற்றோரை அப்பழியிலிருந்து விடுவித்தார். தாய்மாருக்கு நீதி கிடைத்தது. ஆனால் அந்நீதி நீடித்ததா?

1998 பிப்ரவரியில் 'லான்செட்' என்னும் இலண்டன் மருத்துவ இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்பவரும் அவருடைய குழுவினரும் 12 பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிள்ளைகளின் குடலில் ஒரு புதுவகை அழற்சி கண்டதாகவும், தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா ஆகிய மூன்றுக்குமான தடுப்பூசிக்குப் பின்னர் அறிகுறிகள் தோன்றியதாகப் பெற்றோர் எண்ணுவதாகவும் அதில் எழுதப்பட்டது. தடுப்பூசியிலிருந்து குடலுக்கு, குடலிலிருந்து மூளைக்கு என்பதே அவர் கட்டிய பாலம். பன்னிரண்டு பிள்ளைகளின் மேல் கட்டிய பாலத்தில் உலகமே நடந்தது! பின்னர், தடுப்பூசி நிறுவனங்களுக்கு எதிராக வழக்காடிய தரப்பிலிருந்து அவர் பணம் பெற்றிருந்ததும், பிள்ளைகளின் மருத்துவக் குறிப்புகள் கட்டுரையில் திரிக்கப்பட்டிருந்ததும் பிரையன் டியர் என்னும் பத்திரிகையாளரின் தேடலால் வெளிவந்தன. 2010இல் 'லான்செட்' கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் வேக்ஃபீல்டின் பெயர் பிரித்தானிய மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. டென்மார்க்கில் 6,57,461 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியிட்ட ஆய்வு, அத்தடுப்பூசியால் ஆட்டிசம் மிகுவதில்லை என்று மீண்டும் காட்டியது. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் அச்சத்தால் ஊசியைத் தவிர்த்த ஊர்களில் தட்டம்மை திரும்பி வந்தது. பொய்க்குக் கால் இல்லை என்பர். இந்தப் பொய்க்கோ சிறகு இருந்தது.

அதே 1998இல் செக்ரட்டின் என்னும் செரிமான ஹார்மோனைப் பெற்ற மூன்று பிள்ளைகளிடம் வியத்தகு மாற்றம் கண்டதாக மற்றொரு செய்தி பரவியது. ஆயிரக்கணக்கான பெற்றோர் அந்த ஊசிக்கு அலைந்தார்கள். 1999இல் 60 பிள்ளைகளைக் கொண்டு முறையாகச் சோதித்தார்கள். ஒரு பாதிக்குச் செக்ரட்டின், மறு பாதிக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று எவருக்கும் சொல்லவில்லை. இரு சாராரிடமும் முன்னேற்றம் ஒரே அளவிலேயே தென்பட்டது. அதாவது, மருந்து செய்ததை உப்புநீரும் செய்தது. ஆயினும், முடிவைக் கேட்டறிந்த பின்பும் அப்பெற்றோரில் நூற்றுக்கு 69 பேர் செக்ரட்டினில் தமக்கு ஆர்வம் உண்டு என்றே கூறினார்கள். தாய்மாரைப் பழியிலிருந்து மீட்ட ரிம்லாண்டே இந்தச் செக்ரட்டினுக்கு முன்னின்று ஆதரவு தேடியவர்களுள் ஒருவர் என்பது வரலாற்றின் கசப்பு. அன்பு கண்ணைத் திறக்கும். ஏங்கித் தவிக்கும்போது அதே அன்பு கண்ணை மறைக்கவும் செய்யும்.

இங்கே நற்செய்தியின் ஒரு காட்சி நினைவுக்கு வருகிறது. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தவர் இவரா இவருடைய பெற்றோரா என்று வினவினார்கள். ஆண்டவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து விடை சொல்லவில்லை, கேள்வியையே தள்ளிவிட்டார். சீடர்களின் அக்கேள்வி இன்று ஆய்வகத்தின் வெள்ளாடையை அணிந்து வந்து நிற்கிறது. தாய் கருவுற்றிருந்தபோது ஆன்டிபயாட்டிக் உண்டாளா? அறுவை மூலம் பெற்றாளா? தாய்ப்பாலை விரைவில் நிறுத்தினாளா? எதைச் சமைத்துக் கொடுத்தாள்? அன்று தாயின் மனம் குளிர்ந்தது என்றார்கள். இன்று தாயின் குடல் கெட்டது என்கிறார்கள். குற்றவாளிக் கூண்டு மாறவில்லை. குற்றப்பத்திரிகையின் வாசகம் மட்டுமே மாறியிருக்கிறது.

அறுவைப் பேற்றையே எடுத்துக்கொள்வோம். அறுவை மூலம் பிறந்த பிள்ளை, தாயின் பிறப்பு வழியிலுள்ள நுண்ணுயிர்களைப் பெறாமற் போவதால் ஆட்டிசம் வருகிறது என்பது ஒரு வாதம். சுவீடனில் ஏறத்தாழ 27 இலட்சம் பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தபோது, அறுவை மூலம் பிறந்தவர்களிடம் ஆட்டிசம் சற்று மிகுதியாகவே காணப்பட்டது. ஆனால் ஒரே தாய்க்கு ஒரு பிள்ளை அறுவையிலும் மற்றொரு பிள்ளை இயல்பாகவும் பிறந்த குடும்பங்களை ஒப்பிட்டபோது, அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. வேறுபாட்டுக்குக் காரணம் குடும்பத்திற்குள்ளேயே பொதுவாக இருந்த வேறேதோ; அறுவைக் கத்தியன்று. 2019இல் ஐந்து நாடுகளில் ஏறத்தாழ 20 இலட்சம் பிள்ளைகளை உள்ளடக்கிய ஆய்வும், மக்களிடையே ஆட்டிசத்தில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ நூற்றுக்கு 80 பங்கு மரபுவழி வருவது என்று கண்டது. மரபுவழி என்பதும் எவர் மீதும் சுமத்தும் பழியன்று. கண்ணின் நிறத்துக்காக எவரும் பாவமன்னிப்புக் கேட்பதில்லை.

எலியும் பிள்ளையும்

இன்றைய ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2013இல் கலிபோர்னியாவில் ஆட்டிசத்தை ஒத்த நடத்தை காட்டிய எலிகளுக்கு ஒரு குறிப்பிட்ட குடல் பாக்டீரியாவைக் கொடுத்தபோது, அந்நடத்தை சிலவற்றில் மாற்றம் தெரிந்தது. 2019இல் ஆட்டிசம் உள்ளோரின் மலத்திலிருந்த நுண்ணுயிர்களை, நுண்ணுயிரே இல்லாமல் வளர்த்த எலிகளின் குடலில் செலுத்தினார்கள். அவற்றின் குட்டிகள் கோலிக்குண்டுகளை அடிக்கடி மண்ணில் புதைத்தன. பிற எலிகளோடு குறைவாகப் பழகின. இதுவே ஆட்டிசத்தின் மூலம் என்று உலகெங்கும் செய்தி பறந்தது. ஆனால் மலம் அளித்த மனிதர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. ஒரே மனிதரிடமிருந்து பெற்ற எலிகள் பலவற்றைத் தனித்தனிச் சான்றுகளாக எண்ணிவிட்டார்கள் என்று புள்ளியியலார் சுட்டிக்காட்டினார்கள். ஒரு சாட்சியையே பத்துமுறை கூண்டிலேற்றிப் பத்துச் சாட்சிகள் என்று கணக்கெழுதினால் எந்த நீதிபதி ஏற்பார்? அன்றியும், கோலிக்குண்டைப் புதைக்கும் எலியும், தன் பெயரைக் கூப்பிட்டாலும் திரும்பாமல் மின்விசிறியின் சுழற்சியில் ஆழ்ந்திருக்கும் பிள்ளையும் ஒன்றா? அப்பிள்ளைக்கு ஒரு முகம் உண்டு. தனக்கேயுரிய மகிழ்ச்சியும் அச்சமும் உண்டு. எலியின் நடத்தையை வைத்து அப்பிள்ளையைப் படிப்பது, நிழலை அளந்து ஆளின் குணத்தைச் சொல்வது போன்றதே.

மனிதரிடத்தில் நடந்த ஆய்வு ஒன்றையே மந்திரம் ஓதுவோர் மிகுதியும் காட்டுவர். 2017இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 7 முதல் 16 வயது வரையுள்ள 18 பிள்ளைகளுக்கு, முதலில் ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் குடலைக் கழுவிப் பின்னர் நலமானோரின் மலத்திலிருந்து பிரித்தெடுத்த நுண்ணுயிர்களை ஏழெட்டு வாரங்கள் செலுத்தினார்கள். வயிற்றுத் துன்பங்கள் பெரிதும் குறைந்தன. நடத்தையிலும் முன்னேற்றம் கண்டதாகக் கூறினார்கள். இரண்டாண்டுகளுக்குப் பின்னும் அது நீடித்ததாக 2019இல் அறிவித்தார்கள். நல்ல செய்திதான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க உப்புநீர்க் குழு அங்கே இல்லை. யாருக்கு என்ன கொடுக்கப்படுகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். முன்னேற்றத்தை மதிப்பிட்டவர்களும் அதை அறிந்திருந்தார்கள். செக்ரட்டினின் கதையைப் படித்தவர்கள், இந்த ஒரு குறையே முடிவை ஐயத்திற்கு உள்ளாக்கப் போதும் என்று அறிவார்கள். மேலும், வயிற்றுவலி தீர்ந்த பிள்ளை நன்றாக உறங்கும், குறைவாக அழும், கற்பிப்பதைக் கவனிக்கும். அதனை ஆட்டிசம் நீங்கியதாகக் கொள்ளலாமா?

2021இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆய்வாளர்கள் 247 பிள்ளைகளின் மலத்தைச் சோதித்தார்கள். அவர்களுள் 99 பேர் ஆட்டிசம் உள்ளவர்கள். மற்றவர்களுள் அவர்களோடு பிறந்தோரும் இருந்தனர். ஆட்டிசத்துக்கும் குடல் நுண்ணுயிர்களுக்கும் நேரடித் தொடர்பு மிக மிகச் சொற்பமே என்று அவர்கள் கண்டார்கள். கண்ட மற்றொன்றே நம் கவனத்திற்குரியது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர், மணம், நிறம், தொடு உணர்வு ஆகியவற்றின் மிகைக் கூர்மையால் இரண்டு மூன்று உணவுகளை மட்டுமே உண்பர். வேறெதையும் வாயில் வைக்கமாட்டார். உணவின் வகை சுருங்கச் சுருங்க, அவ்வுணவை உண்டு வாழும் நுண்ணுயிர்களின் வகையும் சுருங்குகிறது. அப்படியானால் குடல் கெட்டதால் ஆட்டிசம் வந்ததென்பது தலைகீழ். ஆட்டிசத்தால் உணவு சுருங்கியது, உணவு சுருங்கியதால் குடல் மாறியது. பனம்பழம் விழுந்ததால்தான் காக்கை பறந்தது!

2024இல் ஹாங்காங்கில் 1,627 பிள்ளைகளை ஆராய்ந்தவர்கள், குடல் நுண்ணுயிர்களின் அடையாளங்களைக் கொண்டு ஆட்டிசத்தைக் கண்டறிய முடியலாம் என்று எழுதினார்கள். இதனையும் மறைக்க வேண்டுவதில்லை. அடையாளம் என்பது காரணமன்று. புகையைக் கண்டு தீயை அறியலாம், புகைதான் தீயை மூட்டியது என்று சொல்லலாகாது. 2025இல் 'நியூரான்' இதழில் கெவின் மிட்செல், டேரன் டாலி, டோரதி பிஷப் ஆகிய மூவரும் இத்துறையின் ஆய்வுகளை ஒருங்கே எடைபோட்டு, எலி ஆய்வு, மல ஆய்வு, மருத்துவச் சோதனை ஆகிய மூன்றிலுமே அடிப்படைக் குறைகள் உள்ளன என்று எழுதினார்கள். இதற்கு மாறான கருத்துடைய அறிஞரும் உளர்; அவர்கள் ஆராயட்டும். ஆராய்ச்சிக்கூடத்தில் நடக்கும் வாதம் முடியாதிருக்க, கடைத்தெருவில் மட்டும் எப்படி முடிந்துவிட்டது?

எரிகிற வீட்டில் பிடுங்குவோர்

எரிகிற வீட்டில் பிடுங்கியது இலாபம் என்று ஒரு கூட்டம் எக்காலத்திலும் உண்டு. குடலைச் சோதித்துச் 'சிறப்பு உணவுப் பட்டியல்' தருவதாகச் சொல்வோர், புட்டி புட்டியாக நுண்ணுயிர் விற்போர், ஒவ்வொரு மாதமும் ஒரு புதிய உணவை விலக்கச் சொல்வோர் என அக்கூட்டம் பெருகியுள்ளது. ஏற்கெனவே நான்கு உணவுகளை மட்டுமே உண்ணும் பிள்ளையிடமிருந்து பாலையும் கோதுமையையும் பறித்துவிட்டால் எஞ்சுவது என்ன? கால்சியமும் புரதமும் எங்கிருந்து வரும்? செலியாக் நோயோ பால் ஒவ்வாமையோ இருப்பதாக மருத்துவர் சோதித்துச் சொன்னால் விலக்குவது கடமை. சோதியாமல் விலக்குவது, பிள்ளையின் தட்டில் கைவைப்பதாகும்.

இவற்றைவிடக் கொடியதும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தன்னைத் 'திருச்சபை' என்று அழைத்துக்கொண்ட ஒரு குடும்பம், துணி வெளுக்கவும் ஆலைகளில் காகிதக்கூழ் வெளுக்கவும் உதவும் குளோரின் டை ஆக்ஸைடை உண்டாக்கும் கரைசலை 'அருளடையாளம்' என்ற பெயரிட்டே விற்றது! புற்றுநோய் முதல் ஆட்டிசம் வரை அனைத்தையும் அது தீர்க்கும் என்றார்கள். இதே பொருளைப் பிள்ளைகளின் ஆசனவாய் வழியே செலுத்தச் சொன்னோரும் உண்டு. அரிக்கப்பட்ட குடலின் உட்சவ்வு கிழிந்து நீள நீளமாக வெளிவந்தபோது, "பாருங்கள், புழுக்கள் வெளியேறுகின்றன" என்று பெற்றோரை நம்பவைத்தார்கள். தந்தையும் மூன்று மகன்களும் 2023இல் மயாமி நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார்கள். அருளடையாளம் என்ற சொல்லின் பொருளை அறிந்த நாம் இதைக் கேட்டு வெட்கத்தோடும் சினத்தோடும் இருக்க வேண்டும். இறைவனின் பெயரால் விற்கப்படும் நஞ்சு, வெறும் நஞ்சைவிடக் கொடியது. ஏனெனில் நம்பிக்கை உள்ளவரையே அது முதலில் கொல்கிறது.

மல நுண்ணுயிர் மாற்றமும் வீட்டில் செய்து பார்க்கத்தக்க கைவைத்தியமன்று. 2019இல் அமெரிக்காவில் எதிர்ப்பாற்றல் குன்றிய நோயாளர் இருவருக்கு, அவ்வாறு பெற்ற மலத்திலிருந்து மருந்துக்கு அடங்காத கிருமி தொற்றியது, ஒருவர் இறந்தார். அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் உடனே எச்சரிக்கை விடுத்தது.

ஓர் எதிர்வினாவுக்கு விடை

"துடிக்கும் பெற்றோர் எதையாவது முயன்று பார்க்கட்டுமே, அவர்களுடைய நம்பிக்கையை ஏன் பறிக்கிறீர்கள்?" என்று கேட்போர் உண்டு. இரக்கத்திலிருந்து எழும் கேள்வி. ஆகையால் மதிப்போடு விடை கூறுவோம். முயற்சிக்கு விலை உண்டு. முதல் விலையைப் பிள்ளையின் உடல் செலுத்துகிறது. மறுத்துச் சொல்லவும் அதற்கு மொழி இல்லை. இரண்டாம் விலை காலம். பேச்சுப் பயிற்சிக்கும், படங்களைக் காட்டித் தன் தேவையைச் சொல்லப் பழகுவதற்கும் உகந்த இளம் ஆண்டுகள், புட்டிகளுக்கும் பட்டியல்களுக்கும் இரையாகின்றன. மூன்றாம் விலையே மிகக் கொடிது. மருந்து பலிக்காதபோது விற்றவர் தம் மருந்தைக் குறை சொல்வதில்லை. "நீங்கள் உணவுக் கட்டுப்பாட்டைச் சரியாகக் கடைப்பிடிக்கவில்லை" என்று தாயையே குறை சொல்கிறார். பெட்டல்ஹைம் போன வாசல் வழியாகவே மீண்டும் வந்து அமர்கிறார்.

நம்பிக்கையை நாம் பறிக்கவில்லை. எதன்மீது நம்பிக்கை வைப்பது என்பதையே கேட்கிறோம். 'மாறிவிட்ட பிள்ளை'யின் மீது வைக்கும் நம்பிக்கை, எதிரே அமர்ந்திருக்கும் பிள்ளையை ஒவ்வொரு நாளும் காத்திருப்பு அறையில் உட்கார வைக்கிறது. இருக்கிற பிள்ளையின் மீது வைக்கும் நம்பிக்கையோ, இன்று அது ஒரு கோப்பையைச் சுட்டிக்காட்டித் தண்ணீர் கேட்டதைத் திருநாளாகக் கொண்டாடும்.

நம் கடமை

இனிச் செய்யத்தக்கது யாது? பெற்றோருக்கு முதலில் சொல்வோம்: பிள்ளையின் நடத்தை திடீரென மாறினால் வயிற்றையும் பல்லையும் காதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். "ஆட்டிசம்தான்" என்று அவர் தட்டிக்கழித்தால் விடாதீர்கள். மற்றப் பிள்ளைக்குச் செய்யும் சோதனையை என் பிள்ளைக்கும் செய்யுங்கள் என்று கேளுங்கள். மலச்சிக்கலுக்கு மருந்துண்டு. எந்த மருந்தை எவர் பரிந்துரைத்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: இது ஒப்பீட்டுக் குழுவோடு சோதிக்கப்பட்டதா? எத்தனை பிள்ளைகளிடம்? இதைச் சொல்பவரே இதை விற்கிறாரா? மூன்றாம் கேள்விக்கு 'ஆம்' என்று விடை வந்தால், மற்ற இரண்டு விடைகளையும் இரட்டிப்பு எச்சரிக்கையோடு கேளுங்கள்.

உரிமைகளும் உண்டு. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டமும், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஆட்டிசத்தை வெளிப்படையாகப் பெயர் சொல்லி ஏற்கின்றன. அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீடு ஆண்டுக்கு 1 இலட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு உதவுகிறது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் நடுவண் அரசின் பல்வகை மாற்றுத்திறனாளர் நிறுவனம் இயங்குகிறது. புட்டிக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பேருந்துச் சீட்டு வாங்கி அங்கே போய் வருவது மேல். நம் அன்பியங்களில் இந்தத் தகவலைச் சொல்ல எத்தனை நிமிடம் ஆகும்?

இறுதியாகப் பங்குச் சமூகத்திற்கு ஒரு சொல். திருப்பலியில் ஒரு பிள்ளை உரக்கக் கூவினால் திரும்பிப் பார்க்கும் நூறு கண்கள், அத்தாயை அடுத்த ஞாயிறு வீட்டிலேயே இருத்திவிடுகின்றன. புதுநன்மை வகுப்பில், "இவனுக்கு ஒன்றும் புரியாது" என்று பெயரை அடித்துவிடுவது நடக்கவே செய்கிறது. அறிவுத்திறனில் குறை உள்ளோருக்கும் இயன்றவரை நற்கருணை அளிக்கப்பட வேண்டும் என்று 2007இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் எழுதினார். 2014இல் திருத்தந்தை பிரான்சிஸ், ஆட்டிசம் உள்ளோரையும் அவர்தம் குடும்பத்தாரையும் வத்திக்கானில் வரவேற்று, அவர்களைச் சூழ்ந்துள்ள தனிமையையும் களங்கத்தையும் உடைக்கும்படி எல்லாரையும் அழைத்தார். அழைப்பு வந்து ஆண்டுகள் பல ஆயின. நம் கோவில்களில் எத்தனை இருக்கைகள் அதற்குச் செவிசாய்த்தன?

இப்பிள்ளைகளின் குடலில் என்ன வாழ்கிறது என்று அறிய உலகம் துடிக்கிறது, அறியட்டும். அவர்கள் நம் நடுவே எப்படி வாழ்கிறார்கள் என்பதை அறிய எந்த ஆய்வகமும் வேண்டுவதில்லை. ஆய்வாளர் தம் வேலையை ஆண்டுக்கணக்கில் பொறுமையாகச் செய்யட்டும். அவர்களுடைய முடிவு எதுவாயினும் ஏற்போம். அதுவரை எந்தத் தாயின் மீதும் எவரும் விரல் நீட்ட வேண்டாம். எந்தப் பிள்ளையின் உடலும் எவருடைய கடைச்சரக்கிற்கும் சோதனைக்களம் ஆக வேண்டாம். வரும் ஞாயிறு நம் பங்கில் ஒரு பிள்ளை கூவும்போது நாம் திரும்பாமல் இருப்போம். திரும்பினாலும், சற்று நகர்ந்து இடம் கொடுப்பதற்காக மட்டும் திரும்புவோம்.